உச்சி எண்ணெய்

சிலமலையிலும் போடியிலுமாக இருந்த அந்த இரண்டு சம்பந்தி வீடுகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்கு வருகிற முதல் தீபாவளியன்று அதன் உச்சியில் எண்ணெய் வைப்பவருக்குத்தான் அந்தப் பிள்ளை பாத்தியம். பெண் குழந்தை என்றால் வைத்தவரின் மகனுக்குப் பெண்டாட்டி. முதல் உரிமை தாய்மாமனுக்கு. விளக்கு வைக்கும் பொழுதுக்குள் அவன் வராவிட்டால் அத்தைக்கு. அன்றைக்கு மகன் இல்லாதவர் வைத்தால் பிள்ளை யாருக்கும் பாத்தியமில்லை. இன்னும் நிமிர்ந்து உட்காரத் தெரியாத ஒரு ஜீவனின் வாழ்க்கையை ஒரு கிண்ணம் நல்லெண்ணெயில் முடித்துவிட்டு, எல்லோரும் பணியாரம் தின்னப் போய்விடுவார்கள்.

வேலுத்தாய்க்கு வைத்தது அவளுடைய அப்பாவின் தங்கை. அம்மாவுக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் உரிமை அத்தைக்குப் போயிற்று. அதனால் நடை பழகும்போதே அவள் அந்த அத்தையின் மகன் காசிமாயனுக்குப் பெண்டாட்டி. காசிமாயன் கெட்டவன் இல்லை, கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. கல்யாணத்தன்று அம்மாகூட வாயைத் திறக்கவில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறு வருஷமே அவள் செத்தும் போனாள். அந்த முதுகின்மேல் வேலுத்தாய்க்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

தன் மகள் பேச்சியையாவது இதிலிருந்து தப்பவைக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். அதற்கு அண்ணன் சோணை இருந்தான். அவனுக்கு இரண்டும் பெண். மூன்றாவதை அவன் பெண்டாட்டி சுமந்துகொண்டிருந்தாள், கார்த்திகை கழிந்துதான் பிறக்கும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். பேச்சியைப் பெற்றெடுத்த பிறகு சிலமலையிலிருந்து கிளம்பும்போது வேலுத்தாய் அண்ணனைத் தனியே பிடித்துக் கேட்டாள்.

"நான் வச்சாத்தான் ஒம்மக யாருக்கும் இல்லேன்னு ஆகும். அம்புட்டுத்தானே? தீவாளிக்கு நானே மேல வர்றேன் ஆத்தா. நீ கலங்காம போ" என்றான் சோணை.

மேலே என்றால் போடிமெட்டுக்கு அப்பால், ஏலக்காட்டுக்குள். காசிமாயனுடைய வீட்டார் அங்கே காடு எடுத்திருந்தார்கள். ஐப்பசியில் காய்ப் பறிப்பு மும்முரம். தீபாவளிக்குச் சிலமலைக்குப் போய்வரட்டுமா என்று அவள் கேட்டபோது, "இந்த மழையில பால்குடிப் பிள்ளையத் தூக்கிட்டு மெட்டு எறங்குவியா? சோலி கெடக்கு" என்றான் காசிமாயன். அத்தோடு பேச்சு முடிந்தது. மழையோ பகலென்றும் இல்லாமல் இரவென்றும் இல்லாமல் கொட்டியது. காய் உலர்த்தும் ஸ்டோரின் சுவரை ஒட்டி ஒரே ஒரு அறை. அங்கே புகையும் ஏலக்காய் வாசனையும் மூச்சை அடைத்தன. வெளியே கால் வைத்தால் அட்டை. அந்த அறைக்குள் அவளும் பிள்ளையும், கூடவே காசிமாயனின் அக்கா ஆயம்மாளும்.

ஆயம்மாள் ஒத்தாசைக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டாள். வந்தவள் மூட்டையில் முதலில் அவிழ்த்தது எண்ணெய்க் கிண்ணத்தைத்தான். போடியில் அவளுக்கு எட்டு வயதில் மொக்கையன் என்று ஒரு மகன் இருந்தான். பேச்சியைத் தூக்கும்போதெல்லாம், "எம்மருமக, எம்மருமக" என்று கொஞ்சுவாள். அந்தக் கொஞ்சலைக் கேட்டால் வேலுத்தாய்க்கு உடம்பெல்லாம் எரியும்.

தீபாவளியும் வந்தது. எண்ணெய் வைக்காமல் பிள்ளையைக் குளிப்பாட்டக் கூடாது. வெந்நீர் கொதித்து ஆறி, மறுபடி கொதித்து ஆறியது. பேச்சி சிணுங்கியபடி இருந்தாள். வேலுத்தாய் கதவு இடுக்கில் நின்று பாதையையே பார்த்தாள். பாதை எங்கே தெரிகிறது, பஞ்சுப்பொதி மாதிரி மஞ்சுதான் தெரிந்தது.

"பாதை சரிஞ்சு கெடக்காம். கழுதைப் பொதிகூட நேத்திலருந்து வரலையே. ஒங்க அண்ணன் எங்கிட்டு வரப் போறான்?" என்றாள் ஆயம்மாள், கிண்ணத்தை அடுப்போரம் நகர்த்தி வைத்தபடி.

"வருவாரு மதினி."

"வந்தாச் சந்தோசம். வராட்டியும் ஒண்ணும் குடிமுழுகிப் போகாது."

பொழுது சாயச் சாய வேலுத்தாய்க்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கே ஓடுவது? கீழே இருப்பதும் இதே இரண்டு வீடுகள்தான்.

ஆயம்மாள் விளக்குக்குத் திரி திரிக்க உட்கார்ந்த நேரத்தில் வெளியே இருமல் கேட்டது. சோணைதான். கம்பளி நனைந்து தொங்க, அட்டை கடித்த கெண்டைக்கால் இரண்டிலும் ரத்தம் வழிய, வாசலில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். வேலுத்தாய்க்கு அழுகை பொங்கி வந்தது. இந்த உலகத்தில் தனக்கென்று ஒரு ஆள் இருக்கிறான் என்று அந்த நொடியில் அவள் முழுசாக நம்பினாள்.

"அண்ணே, வெரசா வைங்க. அப்புறம் தலையத் தொவட்டலாம்" என்று பிள்ளையை நீட்டினாள்.

"இரு ஆத்தா, சேதியக் கேளு. கார்த்திகை கழிஞ்சு பொறக்க வேண்டியவன் முந்தாநாளே பொறந்துட்டான். மகன். அப்படியே நம்ம அப்பன் மொகம். அதான் கெளம்ப நேரமாகிப்போச்சு."

வேலுத்தாயின் கை நீட்டியபடியே நின்றது.

ஸ்டோரிலிருந்து வந்த காசிமாயன், "அட, சம்பந்தியாகிட்டீரா மச்சான்" என்று சிரித்தான்.

ஆயம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "பொண்ணு மூத்தவ. அதெப்படிச் சேரும்?"

"அஞ்சாறு மாசம் ஒரு மூப்பா மதினி? எங்க பாட்டன் ரெண்டு வயசு மூத்தவளத்தானே கட்டுனாரு. நல்லாத்தானே இருந்தாக."

"அண்ணே" என்றாள் வேலுத்தாய். "நீங்க எனக்கு வாக்குக் குடுத்தீக."

"அன்னைக்கு எனக்கு மகன் இல்லையே ஆத்தா. இப்பச் சாமி குடுத்திருக்கு. ஒம்மகளும் அயல்ல போகமாட்டா. எம்மருமகளா எங்கிட்டயே இருக்கட்டும். அதுல ஒனக்கு என்ன வருத்தம்?"

அவன் முகத்தில் துளி கள்ளம் இல்லை. தங்கைக்கு நல்லது செய்வதாகவே நினைத்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சண்டை போடவும் அங்கே எதிரி இல்லை.

அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அடுப்போரம் இருந்த கிண்ணத்தில் கையை முக்கி, பேச்சியின் உச்சியில் தானே எண்ணெய் வைத்துவிட்டாள். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். "நான் வச்சுட்டேன். எம்பிள்ளை யாருக்கும் பாத்தியமில்ல" என்றாள்.

காசிமாயன் அலுப்போடு சொன்னான்: "பெத்தவ வச்சா அது தலைக்குத் தேச்ச எண்ணெய். முறையில சேராது. தொடச்சுட்டு வைங்க மச்சான், இருட்டப் போகுது."

சோணை பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். "கோவிச்சுக்காத ஆத்தா" என்று தோள் துண்டின் முனையால் பிள்ளையின் உச்சியை மெதுவாக, நோகாமல் துடைத்தான். பிறகு தன் விரலால் எண்ணெய் தொட்டு வைத்தான். பேச்சி அவன் மீசையைப் பார்த்துச் சிரித்தாள். வேலுத்தாய் தடுக்கவில்லை. தடுத்து என்ன ஆகப் போகிறது.

ஆண்கள் இருவரும் காய் பார்க்க ஸ்டோருக்குப் போனார்கள். தோற்றுப்போன ஆயம்மாள் வெந்நீர்ப் பானையை இறக்கி வைத்துவிட்டு, பழைய கொஞ்சல் எதுவும் இல்லாத குரலில் பேசினாள்.

"ஒங்க ஆத்தாளும் இதே கூத்துதான் பண்ணுனா."

வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒனக்கு மொதத் தீவாளி. எங்க ஆத்தா கிண்ணத்தோட வந்து நிக்கிறா, நான் பாவாடையப் புடிச்சுக்கிட்டுக் கூட நிக்கிறேன். ஒங்க ஆத்தா வெடுக்குனு எண்ணெயப் புடுங்கி ஒன் உச்சியில வச்சுட்டா. எம்பிள்ளை யாருக்கும் இல்லேன்னு ஒரே அழுகை. தொடச்சுட்டுத்தான் எங்க ஆத்தா வச்சா. அதுக்கப்புறம் ஒங்க ஆத்தா அதப்பத்தி வாயே தெறக்கல."

தண்ணீர் பதமாக இருக்கிறதா என்று ஆயம்மாள் கையை விட்டுப் பார்த்தாள். "பிள்ளையக் கொண்டா, குளிப்பாட்டிருவோம்" என்றாள்.

வேலுத்தாய் கொடுக்கவில்லை. அடுப்படியில் திரும்பி உட்கார்ந்திருந்த அந்த முதுகு கண்ணுக்குள் வந்து நின்றது. ஐந்து வருஷமாக அதைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். பிள்ளையின் உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா" என்று அழுதாள்.