பெர்னார்டுக்கு வைத்த அடுப்பு

பெங்களூர் ஒக்கலிபுரம் பெர்னார்ட், தம்முடைய முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், மதியச் சாப்பாட்டு வேளையில் கல்லறையிலிருந்து வீடு திரும்பினார். பெட்டியில் வைத்தபோது போட்டிருந்த அதே சாம்பல் நிறக் கோட்டு, அதே நீல டை. வெறுங்கால்களில் மட்டும் செம்மண் அப்பியிருந்தது. அவர் தெருமுனையில் திரும்பியதைக் காய்கறி வண்டிக்காரரும் இஸ்திரி போடுகிறவரும் பார்த்தார்கள். செத்தவரைப் பார்த்த மாதிரியே இல்லை, ஊருக்குப் போன மனிதர் கொஞ்சம் இளைத்துத் திரும்பிய மாதிரிதான் இருந்தது என்று இருவரும் பிற்பாடு சொன்னார்கள். வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் மனைவி பிரிஜெட், தேவாலயத்தில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கப்போகும் ஒரு சிறுமியின் வெள்ளை கவுனுக்கு லேஸ் தைத்துக்கொண்டிருந்தாள். பெர்னார்ட் தம் நாற்காலியில் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, "குளிருது பிரிஜ்," என்றார்.

பிரிஜெட் கத்தவில்லை. அவர் ரயில்வே வேலைக்குப் போன ஒரு காலை, பிளாட்பாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். போய்வருகிறேன் என்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை. குக்கர் சத்தத்தில் அவர் சொன்னது அவள் காதில் விழவில்லை. ஆகையால் அவர் திரும்பி வந்தது அவளுக்கு முதலில் நியாயமாகவே பட்டது. எழுந்துபோய் அவர் கையைத் தொட்டாள். கறிக்கடை ஃப்ரீசரில் கை விட்டது போலிருந்தது. போர்வை கொண்டுவந்து போர்த்தினாள். சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து விசுவாசப் பிரமாணம் சொல்லச் சொன்னார். பெர்னார்ட் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். இதில் நான் முடிவெடுக்க முடியாது, மேலிடத்தில் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே சாமியார் வெளியேறினார். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. வைட்ஃபீல்ட் ஆபீஸிலிருந்து வந்த மகள் லீனா, நிலைப்படியில் வெகுநேரம் நின்றாள். பிறகு "டாடி" என்று கூப்பிட்டுவிட்டு அழுதாள்.

அந்த வருடம் பெங்களூரில் வெயில் மோசம். ஏப்ரலில் மரத்தடி நாய்கள்கூட நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தன. பெர்னார்ட் வீட்டில் மட்டும் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்திருந்தது. பல்லிகள் சுவரிலிருந்து விறைத்து விழுந்தன. தையல் மிஷின் சக்கரம் காலையில் சுற்ற மறுத்தது. லீனா வாங்கிவந்த மின்சார ஹீட்டர் அறையைச் சுட்டது, அவரைச் சுடவில்லை. அதன் வெப்பம் அவரைத் தொடாமல் ஒதுங்கிப் போவதை, பக்கத்தில் நின்று கை நீட்டினால் உணர முடிந்தது. கரி போட்டுக் கணப்புச் சட்டி வைக்கலாம் என்று பிரிஜெட் ஆரம்பித்தபோது லீனா தடுத்துவிட்டாள். மூடிய அறையில் கரி எரித்துவிட்டுப் படுத்த குடும்பங்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வருடா வருடம் பேப்பரில் வருகிறது. ஒருநாள் பின்கட்டில் வெந்நீர் அண்டாவுக்குச் சவுக்குக் கட்டை எரித்தபோது, பெர்னார்ட் தாமாகவே எழுந்துவந்து நெருப்பின் முன் குந்தினார். அவர் விரல் நகங்களில் நீலம் குறைந்தது. "இதுதான் எலும்புக்குப் போகுது," என்றார்.

இப்படித்தான் அந்த வீட்டுக்குள் விறகு ஸ்டவ் வைக்கும் பேச்சு வந்தது. பிரிஜெட் அளவு பார்க்கிற தொழில்காரி. வெள்ளைத் துணி அடுக்கிய வீட்டில் ஒரு பொட்டுப் புகைகூட வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். கடைகளில் முதலில் காட்டியதெல்லாம் பெரிய அடுப்புகள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆளே நிற்கலாம் போலிருந்தன. கடைசியில் பொம்மனஹள்ளியில் பட்டறை வைத்திருந்த சிவசங்கரன் என்பவரிடம் போய்ச் சேர்ந்தாள். குடகிலும் ஊட்டியிலும் விருந்தினர் வீடுகளுக்கு ஸ்டவ் பொருத்தியவர். யாருக்கு என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு, இறந்துபோனவர், குளிர்கிறது என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, அறை எத்தனை அடி என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

"பெருசு வேணாம் மேடம்," என்றார். "சின்ன ரூமுக்குப் பெரிய ஸ்டவ் வெச்சா சூடு தாங்காது, காத்தைக் குறைச்சு அமுக்கி எரிய விடுவீங்க. அப்போ குழாய் உள்ள தார் மாதிரி புடிச்சுக்கும். ஒருநாள் அதே தீப்புடிச்சுக்கும். சின்னதா வாங்கி நல்லா கொழுந்துவிட்டு எரிய வைங்க."

அப்படியே வார்ப்பிரும்பில், முழங்கால் உயரத்தில், முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். சிவசங்கரன் அங்கேயே தங்கிவிட்டவர் போல நாள் முழுதும் வேலை செய்தார். கீழே கருங்கல் பலகை, அடுப்புக் கதவுக்கு முன்னாலும் தள்ளி நீட்டிக்கொண்டு, பொறி விழுந்தால் கல்லில்தான் விழவேண்டும் என்று. பின் சுவரை ஒட்டாமல் இடைவெளி விட்டு ஒரு சிமெண்ட் தகடு. திரைச்சீலை, மர அலமாரி, துணிமூட்டை எல்லாம் எதிர்ச் சுவருக்குப் போயின. இரட்டைச் சுவர் கொண்ட எஃகுக் குழாயை வளைவில்லாமல் நேராக ஏற்றி, ஓட்டுக் கூரையில் வழி வெட்டி, உத்திரத்தைத் தொடாமல் கடத்தி, கூரை உச்சிக்கும் மேலே உயர்த்தி, மைனாக்கள் கூடு கட்டாதபடி வலை போட்ட குல்லாய் வைத்தார். கடைசியாகச் சுவரின் அடியில், வெளியே திறக்கும்படி ஒரு துளை போட்டுச் சல்லடை பொருத்தினார். "நெருப்பு மூச்சு விடணும். அதை அடைச்சா அது உங்க மூச்சை எடுத்துக்கும்," என்று சொல்லி, அலமாரிக்கு மேலே ஒரு சின்ன வெள்ளை அலாரத்தையும் மாட்டினார். விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, மூக்கை நம்ப வேண்டாம் என்றார். பெர்னார்ட் நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். அந்தத் துளையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

இரண்டு மழைக்காலம் காய்ந்த சவுக்கு, சில்வர் ஓக். அதைத் தவிர வேறு எதையும் பிரிஜெட் அடுப்பில் போடவில்லை. முதல் நெருப்பு மூட்டிய அன்று எண்ணெய் உருகியது. ஜன்னலில் படிந்திருந்த பனி கோடுகளாக வழிந்தது. பெர்னார்ட் டையைத் தளர்த்தினார், சிரித்தார், ரசம் கேட்டார். குடிக்கவில்லை, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். வருடக்கணக்கில் பேசாததையெல்லாம் அந்த மாதங்களில் இருவரும் பேசினார்கள். கவுன்களுக்கு முத்து கோக்க அவர் உதவினார். அவர் விரல் பட்ட முத்துகள் கொஞ்ச நேரம் வேர்த்துக்கொண்டிருந்தன. அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களே கவனித்தார்கள்.

ஆனால் அவர் நாற்காலி நாளுக்கு நாள் அடுப்பை நெருங்கியது. காலையில் தள்ளி வைத்தால் சாயங்காலத்தில் கருங்கல் பலகைமேல் இருக்கும். கோட்டு நுனி கருகினாலும் அவருக்குத் தெரிவதில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பிறகு கதவை. துளைவழியே வரும் காற்று முதுகில் குத்துகிறது என்றார். காற்று இல்லாமல் எப்படி என்று பிரிஜெட் கேட்டால், அந்தச் சொல்லின் அர்த்தம் மறந்துபோனவர் போல அவளையே பார்ப்பார். அவர் தூங்குவதில்லை. இவர்கள் தூங்குவதை மட்டும் விரும்பினார். லீனா சோபாவில் கண்ணயர்ந்தால், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்திருப்பார். ஒருமுறை பிரிஜெட் மெதுவாக, என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். "எவ்வளவு வேலை பாரு, ஓயாம," என்றார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடைமழை. லீனா தலைவலி என்று சோபாவில் படுத்திருந்தாள். பிரிஜெட் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தையல் கோணலாக ஓடியது. அவள் கை அப்படித் தைக்கிற கை இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஊசி இரண்டாகத் தெரிந்தது. அடுப்பைப் பார்த்தாள். எப்போதும் தாவி எரிகிற தீ, சோம்பலாக, மஞ்சளாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவில் கரி ஏறியிருந்தது. அலமாரிக்கு மேலே பார்த்தாள். அலாரம் இருந்தது, ஆனால் அதன் பச்சை விளக்கு இல்லை. அதன் பேட்டரி பெர்னார்டின் மடியில், முத்துக் கிண்ணத்துக்குள் கிடந்தது. சுவரடித் துளையில் தம் கோட்டைத் திணித்திருந்தார்.

"தூங்கு பிரிஜ்," என்றார் அவர். அந்தக் குரலில் கோபமோ வஞ்சமோ இல்லை. கல்யாணமான புதிதில், காய்ச்சலில் கிடந்த அவள் நெற்றியில் துணி போட்டபோது இருந்த அதே குரல். "கொஞ்சம் கண்ணை மூடு. எல்லாம் சரியாயிடும்."

அவள் எழுந்தாள். கால்கள் அவளுடையவையாக இல்லை. மேசையைப் பிடித்தாள், மேசை நழுவியது. தரையில் தவழ்ந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளை இழுத்தாள். மழை முகத்தில் அடித்தது. அந்தக் காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டுத் திரும்பி உள்ளே போனாள். லீனாவின் இரண்டு கணுக்கால்களையும் பிடித்து, தலை தரையில் இடிக்க இடிக்க, முற்றத்துச் சேற்றுக்கு இழுத்து வந்தாள். பெர்னார்ட் தடுக்கவில்லை. நாற்காலியை விட்டு எழவும் இல்லை. திறந்த கதவைப் பார்த்து உடம்பைக் குறுக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். லீனா கண் விழித்ததும் முதலில் சொன்னது இதுதான்: "மம்மி, டாடிக்குக் காத்து வேணாம். நமக்கு வேணும்."

வீடு திரும்பிய அன்று பிரிஜெட் அடுப்பை மூட்டவில்லை. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவர் மீசையில் பனி கட்டியிருந்தது.

"தெரிஞ்சு செஞ்சீங்களா?"

ஸ்டேஷனிலிருந்து ஒரு வண்டி புறப்பட்டு, ஊதிக்கொண்டு, தூரமாகப் போய்த் தேய்ந்தது. "அங்க யாருமே இல்ல பிரிஜ்," என்றார். "நீங்க ரெண்டு பேரும் வந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. வலிக்காதுன்னு தெரியும்."

லீனா அடுப்பைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னாள், சாமியாரைக் கூப்பிடச் சொன்னாள், வீட்டை விட்டே போய்விடலாம் என்றாள். பிரிஜெட் சிவசங்கரனைக் கூப்பிட்டாள். முற்றத்தின் கோடியில், வீட்டோடு ஒட்டாமல், கருங்கல்லில் ஒரு தனி அறை எழுந்தது. ஸ்டவ் அங்கே போனது, குழாயும் கருங்கல் பலகையும் கூடவே போயின. காற்றுத் துளைகள் இந்த முறை உயரத்தில், வெளியிலிருந்து மட்டுமே கை எட்டும்படி, இரும்புக் கம்பிக்குப் பின்னால். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். விறகு தள்ள ஒரு சின்னத் திட்டிவாசல். வேலை முடிந்ததும் பெர்னார்ட் தாமே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள்தான் இரும்பில் கை வைத்தபடி அங்கேயே நின்றாள்.

அதற்குப் பிறகு வருடங்கள் ஓடின. பிரிஜெட் தினமும் திட்டிவாசலுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, மழையானால் குடை பிடித்துக்கொண்டு, அவரோடு பேசினாள். விலைவாசி, லீனாவின் கல்யாணம், மருமகன் நீல், பேத்தி பிறந்தது, ஸ்டேஷன் பக்கம் தோண்டிய சுரங்கப்பாதை. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் சிவசங்கரன் வந்து குழாயில் பிரஷ் விட்டுக் கரியைத் தட்டிப் போனார். அவருக்குப் பிறகு வேறொருவர் வந்தார். பெர்னார்டுக்கு வயது கூடவில்லை. ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "எப்ப வர்ற பிரிஜ்?" பேச்சை மாற்றுவாள். பதில் சொல்லாமல் எழுந்து போனது ஒருமுறைகூட இல்லை.

அவளுக்கு நோய் கண்டு, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்ட பிறகு, லீனாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னைப் புதைக்காதே," என்றாள். "எரிச்சிடு. சாமியார் ஒத்துக்குவார், கேட்டுட்டேன். நான் உன் வீட்டு வாசல்ல குளிருதுன்னு வந்து நிக்க மாட்டேன்." லீனா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் போனதும் கல்பள்ளி எரியூட்டு மயானத்தில் அப்படியே செய்தார்கள். மறுநாள் லீனா விறகு எடுத்துக்கொண்டு திட்டிவாசலுக்குப் போய், நடந்ததைச் சொன்னாள். உள்ளே ஒரு கட்டை நெருப்பில் விழுந்து பொரிகிற ஓசை கேட்டது. "அப்ப அவ வர மாட்டா," என்றார் பெர்னார்ட். அந்த நாளிலிருந்து அவர் யாரையும் எப்போது வருகிறாய் என்று கேட்டதில்லை.

வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியபோது, கல்லறையை மட்டும் யாரும் இடிக்க ஒப்பவில்லை. அந்தக் கருங்கல் அறையை அங்கே இருக்கிறவர்கள் கல்லறை என்றுதான் சொல்கிறார்கள். பில்டர் வரைபடத்தில் கார் நிறுத்துமிடத்து நடுவில் அதற்கு இடம் விட்டு, புகைக்குழாயை மாடிப்படியோரமாக மொட்டை மாடிக்கும் மேலே கொண்டுபோனார். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சந்திரம்மா, தண்ணீர் லாரி வரும் கிழமையையும் குப்பை பிரிக்கும் முறையையும் சொல்லிவிட்டு, விறகு வைக்கும் முறை அவர்களுக்கு எந்த வாரம் என்பதையும் சொல்கிறார். உள்ளே இருப்பவர் பேச்சுக் கொடுத்தால் மரியாதையாகப் பேசலாம். தாழ்ப்பாளைத் தொட வேண்டாம். டிசம்பர் காலைகளில் வாட்ச்மேனும் டிரைவர்களும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, வெதுவெதுப்பாக டீ குடிக்கிறார்கள். சாய்ந்தவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் கண் சொக்கும். பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டி எழுப்பிவிட்டு, தம் டீயைத் தொடர்ந்து குடிக்கிறார்.