நெற்றியில் கை வைத்தவள்

ஆஸ்பத்திரியின் பின்கேட்டு ஓரத்து சிமெண்டு பெஞ்சில் இருதயமேரி காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் துவைத்து மடித்த பச்சை யூனிஃபாரம். அதன்மேல் ஐ.டி. கார்டு. சூப்பர்வைசர் ராஜ்குமார் வந்து அதை வாங்கிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும், இல்லை உள்ளே வரச் சொல்ல வேண்டும். மணி ரெண்டாகப் போகிறது, ஆளைக் காணோம். திண்டிவனம் பைபாஸில் பஸ்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே போயின. அவளுக்கு ஐம்பத்தாறு வயசு. இந்த வேலை போனால் வேறு ஆஸ்பத்திரியில் எடுக்க மாட்டார்கள், கழனி வேலைக்கு முட்டி ஒத்து வராது. மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் தூரம். வீட்டுக்குப் போனாலும் பேச ஒரு ஆள் கிடையாது.

அவள் அங்கே தரை துடைக்கிறவள், அவ்வளவுதான். பன்னிரண்டாம் நம்பர் ரூமில் பக்கவாதத்தில் படுத்திருந்த சீனுவாசன் மண்டகப்பட்டுக்காரர். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசையும். மகன் திருமுருகன் சென்னையில் வேலை. அப்பாவைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு கேமரா மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பேசினால் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரும் அதிலேயே இருந்தது. மூன்று வாரமாக அதிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

தரை துடைக்கப் போனால் தலையணையில் எச்சில் ஒழுகியிருப்பது கண்ணில் படும். பார்த்துவிட்டுத் துடைக்காமல் எப்படி வருவது? வாயைத் துடைத்தாள், முதுகைப் புரட்டிப் பவுடர் போட்டாள். ஷிஃப்டு முடிந்தும் ரெண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, ஓவர்டைமா? சாமியாரு மோட்சத்துல சீட்டு போட்டு வெச்சிருக்காரா?" என்று கிண்டல் பண்ணினாள், அந்த ரூமைப் பார்த்துக்கொள்ளும் செண்பகம்.

"அட போடி. பெரியாஸ்பத்திரியில எம் புருஷன் உசுரு போனப்ப நானு டீ வாங்கப் போய்ட்டேன். பக்கத்துல ஒரு நாதி இல்ல. இவருக்காவது அப்பிடி ஆவக் கூடாது."

சின்ன வயசில் சர்ச் மறைக்கல்வி வகுப்பில் இரக்கச் செயல்கள் பதினாலையும் மூச்சு விடாமல் ஒப்பித்தவள் அவள். இப்போது ரெண்டுதான் ஞாபகம் இருந்தது. நோயாளிகளைப் பார்ப்பது, செத்தவர்களை அடக்கம் பண்ணுவது. இந்தச் சீனுவாசனின் கொல்லையில் அம்மாவோடு கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கியிருக்கிறாள். தாகம் என்றால் எட்ட நின்று கையில்தான் ஊற்றுவார்கள். அதை ஒருநாள் அவரிடம் கேட்டுவிடலாமா என்று இருந்தது. பேச முடியாத மனுஷனிடம் என்னத்தைக் கேட்பது. ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள்.

கிளம்பும்போது கட்டைவிரலால் அவர் நெற்றியில் சிலுவை போட்டாள். அவள் அம்மா அவளுக்குப் போட்டது, அவள் மகளுக்குப் போட்டது, கை தானாகப் போய்விட்டது. ஐயோ, இவங்க வேற சாமியாச்சே என்று கையை இழுத்துக்கொண்டாள். அவரோ கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் அவள் எழுந்ததும் யூனிஃபாரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் நெற்றியில் பட்ட பிறகுதான் விட்டார். அப்புறம் தினமும் போட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் விரலை எடுப்பதற்குள் சுவரிலிருந்து சத்தம் வந்தது. திருமுருகனின் மனைவி கவிதாவின் குரல்.

"ஏம்மா, இன்னா பண்ற நீ? எங்க மாமனார மதம் மாத்துறியா?"

"ஐயோ, இல்லம்மா! நல்லா தூங்கட்டும்னு..."

"தூங்கறதுக்கு டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. ஊர்ல தெரிஞ்சா எங்கள இன்னா பேசுவாங்க?"

ராஜ்குமார் கேமராவில் பதிவானதை எல்லாம் ஓட்டிப் பார்த்தான். அவள் வாய் துடைத்தது, பீ வழித்தது, கை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் ஓடியது. விரல் நெற்றிக்குப் போன இடங்களில் மட்டும் நிறுத்தி நேரத்தைக் குறித்துக்கொண்டான். பன்னிரண்டாம் ரூமுக்குள் கால் வைக்கக் கூடாது, வீட்டிலேயே இரு என்றான். நேற்று யூனிஃபாரத்தைக் கொண்டுவரச் சொல்லி போன் வந்தது. இடையில் ஒருநாள் செண்பகத்துக்குப் போன் பண்ணி, ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். "கதவையே பாத்துக்கினு கெடக்கறாருக்கா" என்றாள் செண்பகம்.

ரெண்டு மணிக்குப் பெஞ்சுக்குச் செண்பகம் ஓடி வந்தாள்.

"எக்கா, பெரியவரு போய்ட்டாருக்கா."

"யாரு கூட இருந்தது?"

"யாரும் இல்லக்கா. நானு சாப்புடப் போயிருந்தேன். வந்து பாத்தா மூச்சு இல்ல."

மேரி யூனிஃபாரத்தில் முகத்தை வைத்து அழுதாள். புருஷனுக்கு அழுத மாதிரியே இவருக்கும் அழுகை வந்தது.

பின்னாலேயே ராஜ்குமாரும் வந்துவிட்டான். "மேரிக்கா, ஒரு ஹெல்ப்பு. பாடிய கிளீன் பண்ணணும். மோஷன் போயி கெடக்குது, ஒருத்தரும் கை வெக்க மாட்டேன்றாங்க. காலையிலயே சீரியஸுன்னு போன் பண்ணது, வீட்டாளுங்க செங்கல்பட்டு தாண்டிட்டாங்க. ஜல்தி வா."

"அந்த ரூமுக்குள்ள வரக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"அது வேற, இது வேற."

"எனக்கு வேல இருக்குதா, இல்லியா?"

"மொதல்ல இத முடி. ஓனராண்ட பேசிப் பாக்கறேன்." ரெண்டடி நடந்தவன் திரும்பினான். "நெத்திப் பக்கம் மட்டும் போவாத. கேமரா ஓடிக்கினு இருக்குது."

வெந்நீரும் பழைய துணிகளும் எடுத்துக்கொண்டு போனாள். கதவைப் பார்த்தபடிதான் கிடந்தார். இமையை இழுத்து மூடிவிட்டாள். தொடை, முதுகு, கால்விரல் இடுக்கு என்று எல்லாம் கழுவினாள். நாலு முறை தண்ணீர் மாற்றினாள். அக்குளில் இன்னும் சூடு இருந்தது. உதட்டை அசைக்காமல் மனசுக்குள்ளேயே ஜெபம் சொன்னாள். கன்னம், தாடை வரைக்கும் துடைத்து, புது வேட்டி சுற்றி, கையை மார்மேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

கவிதா விபூதிப் பொட்டலத்தோடு வந்தாள். திருமுருகன் வாசற்படியிலேயே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இன்னாம்மா இது, நெத்திய ஏன் தொடைக்கல? நாலு நாளு அழுக்கு பிசுபிசுன்னு இருக்குது. இதுமேல எப்பிடி விபூதி வெக்கறது?"

மேரி ராஜ்குமாரைப் பார்த்தாள். துணியை அலசிப் பிழிந்து கவிதாவிடம் நீட்டினாள்.

"நீங்களே தொடச்சிடுங்கம்மா."

கவிதா ஒரு அடி பின்னால் போனாள். திருமுருகன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நானு எப்பிடி... நீயே தொடச்சிடு. ஆனா..."

"நான் வீடியோ எடுத்துக்கறேன் மேடம். ஒரு பேஜாரும் வராது" என்று ராஜ்குமார் போனை எடுத்தான். "எக்கா, குறுக்கால மட்டும் தொடச்சிடு. மேலேர்ந்து கீழ இழுத்துறாத."

இருதயமேரி இடமிருந்து வலமாகத் துடைத்தாள். துணியைத் தூக்கி மறுபடி இடமிருந்து வலமாகத் துடைத்தாள். புருவங்களுக்கு நடுவில், சுருக்கத்துக்குள் அழுக்கு நெட்டுக்குத்தாக நின்றது. ஒரு தரம் கீழே இழுத்தால் வந்துவிடும். ராஜ்குமார் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். அவள் துணியை எடுத்து, திரும்பவும் இடது ஓரத்தில் வைத்தாள்.