காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய கற்கள்

புருசன் இன்ஸாபுக்குக் கல் சேர்க்கும் ஆசை வந்தபோது அஸீபா மனதுக்குள் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

ரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் கண்ணைத் தொட்டுவிட்டது, இனி வாகனம் ஓட்டக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். மன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடையே அத்தனை வருடம் வான் ஓட்டிய மனுசன், எருக்கலம்பிட்டி வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு கேற்றையே பார்த்தபடி இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போகும். பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவார்.

பேருவளையில் இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் அஸீபாவின் தம்பி றிஸ்லான் ஒருநாள் வந்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த வெள்ளைக் கடதாசியை எடுத்து மேசையில் விரித்தான். நகையில் பதிக்காத, பட்டை தீட்டிய சின்னச் சின்னக் கற்கள். சிவப்பு, ஊதா, நீலம், பச்சை, மஞ்சள்.

“என்னடா இது, கடலை மாதிரி?” என்றார் இன்ஸாப்.

“கடலையும் இதுவும் ஒரு விலைதான் மச்சான். பழகிறதுக்குக் கொண்டு வந்தனான். எடுத்த உடனே பெரிய நீலக்கல் வாங்கப் போனா, கண்ணாடித் துண்டைத் தலையில கட்டிப்போடுவாங்கள். வேற ஆர், நானே கட்டிப்போடுவன்.”

இன்ஸாப் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அஸீபா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

விரலால் தொட்டால் எண்ணெய் படியும், இடுக்கியால்தான் எடுக்க வேண்டும் என்றான் றிஸ்லான். பழகும் கல்லுக்குப் பரவாயில்லை, நல்ல கற்களைச் சாதி பிரிக்காமல் ஒரே பொதியில் போட்டால் கடினமான கல் மெதுவான கல்லைக் கீறிவிடும். “லைட்டுக்குக் கீழ கல் பாக்கவே கூடாது. காலமை வெளிச்சத்தில, வெள்ளைக் கடதாசியில வைச்சுப் பாருங்கோ. முதல்ல நிறத்தை மட்டும் படியுங்கோ.”

அடுத்த நாளே இன்ஸாப் தன்னுடைய மாத்திரைப் பெட்டியைக் காலிசெய்தார். கிழமைக்கு ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் பெட்டி. மாத்திரைகள் ஜாம் போத்தலுக்குப் போயின. சுபஹ் தொழுது, விடிந்ததும் கற்களை எல்லாம் கலந்து கொட்டி, நிறம் நிறமாகப் பிரித்து அறைகளில் போடுவார். பிறகு கூப்பிடுவார்.

“அஸீபா, வந்து பார். பிழை இருக்கா?”

ஆரம்பத்தில் பிழையே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கண் கிளினிக்கில் ஊசி போட ஒரு தவணைத் திகதி கொடுத்திருந்தார்கள். அவர் போக மறுத்துவிட்டார்.

“கண்ணுக்குள்ள ஊசி குத்துறதா? என்னால ஏலாது. இந்தா பார், நீலமும் ஊதாவும் எனக்குத் தனித்தனியாத் தெரியுது. ஒருநாள் மாறிப்போச்செண்டு நீ சொல்லு, அண்டைக்கே பஸ் ஏறுவம்.”

“சத்தியமா வருவீங்களோ?”

“வருவன். உன்ட கண்ணை நம்பித்தான் சொல்லுறன்.”

அந்த மாதம் நசீறா வந்திருந்தாள். அஸீபாவின் மகள் பஸ்மினாவைக் கட்டப்போகும் றினாஸின் தாய். றினாஸ் கட்டாரில் வேலை. லீவில் வந்ததும் நிக்காஹ். நசீறா வட்டிலப்பத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

“மூத்தவனுக்கு முதல்ல பேசின இடம் தெரியுந்தானே? பொம்பிளைட வாப்பாக்குக் கண் போயிட்டுதாம். நான் அப்பிடியே விட்டிட்டன். வருத்தம் ரத்தத்தில வாறது, நாளைக்கு எங்கட பேரப்பிள்ளைக்கும் வரும். சரி, உங்கட மனுசன் ஏன் இப்ப வான் ஓட்டுறதில்லை?”

“முதுகு நோவு” என்றாள் அஸீபா.

சில நாள் கழித்து, சிவப்பு அறைக்குள் இரண்டு ஊதாக் கற்கள் கிடந்தன.

அஸீபா குனிந்தபடியே நின்றாள். உள்ளே பஸ்மினா போனில் யாருக்கோ மெதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினால் ஊர் ஆட்கள் இருப்பார்கள். கிளினிக் வரிசையிலும் இருப்பார்கள். அன்று பின்னேரமே நசீறாவின் காதுக்குப் போய்விடும்.

“பிழை இருக்கா?”

“இல்லை. எல்லாம் சரி.”

நிக்காஹ் முடியட்டும், அடுத்த நாளே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். றினாஸின் லீவு தள்ளிப்போனது. பிறகு இன்னொரு தடவையும் தள்ளிப்போனது. நீலமும் பச்சையும் ஒரே அறைக்குள் விழத் தொடங்கின. ஒவ்வொரு காலையும் அவள் “சரி” என்றாள். அவருக்குத் தைரியம் கூடியது. றிஸ்லானிடம் கேட்டுப் புதுக் கற்கள் எடுப்பித்தார். அதில் ஒன்றை ஒருநாள் அவளுடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“இது உனக்கு. உன்ட கலியாணச் சாறியும் இந்த நீலந்தானே?”

பச்சைக் கல். “ஓம், அதே நீலம்” என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய்ச் சத்தம் வராமல் அழுதாள்.

ஒருவழியாக நிக்காஹ் நாள் வந்தது. முற்றத்தில் பந்தல். மௌலவிக்கு முன்னால் மாப்பிள்ளையும் அவனுக்கு மூத்த சகோதரனான காக்காவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுக்க வேண்டும். இன்ஸாப் கையை நீட்டினார். காக்காவின் கையை இறுகப் பிடித்தார்.

“இன்ஸாப் நானா, அவருக்கு ஏற்கெனவே ரெண்டு பிள்ளையள்!” என்று யாரோ கத்த, பந்தல் முழுக்கச் சிரித்தது.

இன்ஸாபும் சிரித்தார். கதவு மறைவில் நின்ற அஸீபா அவருடைய முகத்தைப் பார்த்தாள். அது சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நசீறா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

பஸ்மினா புருசன் வீட்டுக்குப் போன பிறகும் அஸீபா இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்க, ஒரு காலையில் இன்ஸாப் வலது கண்ணுக்குள் கறுப்புப் புகை ஏறுகிறது என்றார். மத்தியானத்துக்குள் அந்தக் கண்ணின் பார்வை முற்றாகப் போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் டாக்குத்தர் நெடுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

“நிறங்கள் எப்ப இருந்து குழம்பத் தொடங்கினது?”

“குழம்பேல்லையே, டொக்டர். ஒவ்வொரு நாளும் கல் பிரிக்கிறனான். நிக்காஹ் வரைக்கும் ஒரு பிழையும் இல்லை. மனுசிதான் சரி பாக்கிறவ.”

“இந்தக் கண்களாலயோ? அப்பிடி இருக்க ஏலாது. இது கன மாதமாப் பழுதாகிக்கொண்டு வந்திருக்கு.” டாக்குத்தர் குரலைத் தணித்தார். “வலது கண்ணில பார்வை திரும்பாது. இடதுக்கு ஊசி போடுவம். மிஞ்சியிருக்கிறதைக் காப்பாத்தப் பாப்பம். முந்தியே வந்திருக்கலாம்.”

இன்ஸாப் அஸீபா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவள் தலையைக் குனிந்தாள். அவர் மறுபேச்சில்லாமல் ஊசிக்குப் படுத்தார். ஊசி போட்டு இடது கண்ணில் கட்டுப் போட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பூநகரி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“எப்ப இருந்து?”

“நசீறா வந்திட்டுப் போன பிறகு.”

“என்னட்டச் சொல்லியிருந்தா, நான் ஓடிப்போய் நசீறாட்டச் சொல்லியிருப்பனோ?”

“இல்லை. பஸ்ஸில ஊர் ஆக்கள்… பிள்ளைட வாழ்க்கை…”

“றிஸ்லானைக் கூப்பிட்டிருந்தா கொழும்புக்குக் கொண்டு போயிருப்பான். ஒரு குருவிக்கும் தெரிஞ்சிருக்காது.”

அது அவளுக்குத் தோன்றவேயில்லை. இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட.

அவள் அவருடைய கைமேல் கை வைத்தாள். அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அஸீபாவின் போன் அடித்தது. பஸ்மினா.

“எடு” என்றார் இன்ஸாப். “வாப்பாக்கு ஒண்டுமில்லை, கண் நல்லாத் தெரியுதெண்டு சொல்லு. உனக்கு அது நல்லா வரும்.”

அவள் போனைக் காதில் வைத்தாள்.

“உம்மா, டொக்டர் என்ன சொன்னவர்? வாப்பாட்டக் குடுங்கோ.”

“ஒண்டுமில்லை மகள். மருந்து போட்டிருக்கு. வாப்பா நித்திரை.”

பக்கத்தில் இன்ஸாப், கட்டுப் போடாத வலது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.