யாருக்கும் இல்லாத பெயர்

என் தங்கை வீட்டுக்காரர் ஒரு பெயிண்ட் கம்பெனியில் நிறங்களுக்குப் பெயர் வைக்கிறார். சுவரில் அடிக்கிற வெறும் பழுப்பை ‘மாலை மௌனம்’ என்று சொல்லி விற்பதற்குச் சம்பளம் வாங்குகிறார். எங்கள் வீட்டில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கவிஞர். முதுகுக்குப் பின்னால் மட்டும்தான். முகத்துக்கு நேராகச் சொன்னால் பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்.

அவருக்கு மகள் பிறந்தாள். பிரசவ வார்டில் தங்கை குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, “பூ மாதிரி இருக்காக்கா. பூப்பேரே வைக்கணும். முல்லைன்னு வைக்கலாமா?” என்றாள். அரை மயக்கத்தில் சொன்னாலும் தெளிவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற கவிஞர் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“பூப்பேர் நல்ல ஐடியா. ஆனா முல்லையெல்லாம் தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. யாருக்கும் இல்லாத பேரா நான் கண்டுபிடிக்கிறேன்.”

மறுநாளே அது அவருடைய யோசனையாகிவிட்டது. போன் பண்ணியவர்களிடமெல்லாம், “பூவோட பேரா வைக்கணும்னு எனக்குத் தோணுச்சு” என்றார். தங்கை தொட்டிலை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பள்ளிக்கூட டீச்சர். தினமும் காலையில் பெயர்களைச் சத்தமாக வாசிக்கிற வேலை. பெற்றவர்களின் ஆசையெல்லாம் மற்ற பிள்ளைகள் வாயில் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். தென்றல் என்று ஒருத்தி என்னிடம் படித்தாள். வருஷம் முழுக்க அவளை டேபிள் ஃபேன் என்றுதான் கூப்பிட்டார்கள். இதைக் கவிஞரிடம் சொன்னேன்.

“அண்ணி, நீங்க பிராக்டிகலா யோசிக்கிறீங்க” என்றார். அவர் அகராதியில் அது ஒரு வியாதி.

அந்த நாட்களில்தான் குழந்தையின் அறை ஜன்னல் சட்டத்தில், தொட்டிலுக்கு நேர் மேலே, ஒரு குளவி மண்கூடு கட்ட ஆரம்பித்தது. தங்கை அன்றைக்கே சொன்னாள். “ஏங்க, ஜன்னல்ல குளவி கூடு கட்டுது. எடுத்துப் போடுங்க.”

“ம்” என்றார் கவிஞர், மடியில் தலையணை கனத்துக்கு ஒரு அகராதி.

“ஏங்க, அந்தக் குளவி…”

“பார்க்கலாம்மா. நீ ஏணியில ஏறாத, தையல் பிரிஞ்சிடும். நான் பாத்துக்கறேன்.”

அவர் பார்த்துக்கொண்டது அகராதியை. கூடு கட்டைவிரல் அளவிலிருந்து வளர்ந்தது. தங்கை தொட்டிலை எதிர்ச் சுவரோரம் தள்ளி வைத்தாள். வார விடுமுறைக்குப் போன நான் ஏணியைத் தேடியபோது அவள்தான் தடுத்தாள். “அவர் எடுக்கிறேன்னிருக்கார்க்கா. விடு.” ஏன் விடச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது. கூடு அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. தான் சொன்ன ஏதாவது ஒன்று அந்த மனிதரின் காதில் விழுந்ததா என்று ஒரு தடவையாவது பார்க்க ஆசைப்பட்டாள். அதனால் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். காப்பி கொடுக்கும்போது குளவி, துணி மடிக்கும்போது குளவி.

ஒரு நாள் சாயங்காலம் கவிஞர் அகராதியை மூடிவிட்டு, “கிடைச்சிருச்சு” என்றார். என்ன பெயர் என்று பெற்றவளிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் அறிவிப்பாராம்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் ஹாலில் பிஸ்கட் தட்டோடு உட்கார்ந்தார்கள். புது பெயிண்ட் அறிமுகம் மாதிரி கவிஞர் டிவியில் படம் ஓட்டினார். முதலில் குழந்தையின் பாதம். பக்கத்தில் அவர் கை. பிறகு ஒரு வெள்ளைப் பூ.

“ரொம்ப நாளா ஒரு சொல் என் காதுக்குள்ள ஒலிச்சுக்கிட்டே இருந்துச்சு” என்று தொடங்கினார். “எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. சில சொல் அப்படித்தான், தானா வந்து நம்மைத் தேடும். அகராதியைப் புரட்டினேன். காட்டு மல்லிகைன்னு போட்டிருக்கு. அசல் பழந்தமிழ்.”

ரிமோட்டை அழுத்தினார். பூவுக்குக் கீழே பெரிய எழுத்தில் வந்தது: குளவி.

யாரும் பிஸ்கட்டைக் கடிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் அம்மா கேட்டார். “என்னடா எழுதியிருக்கு?”

“குளவிம்மா.”

“கொளவியா? கொட்டுமேடா அது.”

“அம்மா, உங்களுக்கு அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும்” என்று கவிஞர் சிரித்தார். மாலை மௌனத்தைப் பழுப்பு என்று சொல்லிவிடுகிறவர்களுக்காக வைத்திருக்கும் சிரிப்பு அது. நானோ மனசுக்குள் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் ‘உய்ங்’ என்று ரீங்கரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எழுந்து நிற்கப்போகிறவள் என் தங்கை தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தங்கை எழுந்தாள். குரல் உயரவில்லை.

“அது எங்கிருந்தும் வரலைங்க. ஒலிச்சது நான். குளவி கூடு கட்டுது, எடுங்கன்னு தினமும் சொன்னேன்.”

கவிஞர் அவளையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். “எங்க கூடு?” என்றார்.

தங்கை அறைக்குள் போனாள். எல்லோரும் பின்னால் போனோம். ஜன்னல் சட்டத்தில் கைமுட்டி அளவுக்குக் கூடு நின்றது. கவிஞர் அண்ணாந்து பார்த்தார்.

“இது எப்ப வந்துச்சு?”

இப்படி ஒரு ஆளுக்கு என் தங்கையைக் கட்டிக்கொடுத்தோமே என்று எனக்குக் கூசியது. அந்த நேரம் பார்த்துக் கூட்டிலிருந்து ஒன்று வெளியே வந்து அவர் தலையைச் சுற்றியது. பழந்தமிழை மீட்டவர் பின்வாங்கித் தன் அம்மாவின் காலை மிதித்தார். “கொளவி, கொளவி. யாராவது அடிங்களேன் அதை” என்றார். அவர் வாயிலும் அது கொளவிதான்.

“மெதுவா பேசுங்க” என்றாள் தங்கை. “உங்க பொண்ணு பேரு அது.”

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. முதலில் சிரித்தது அவர் அம்மாதான், மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டே. குழந்தை விழித்துச் சிணுங்கியது.

“இவ பேரு முல்லை” என்றாள் தங்கை. “வார்டுலயே சொல்லிட்டேன்.”

“முல்லைக்குட்டி, பாட்டிகிட்ட வாடி” என்று மாமியார் கை நீட்டினார். அதோடு விஷயம் முடிந்தது.

கூட்டைத் தட்ட நீளத் துடைப்பம் எடுக்க நான் ஹாலுக்கு வந்தேன். கவிஞர் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தார். டிவியில் வெள்ளைப் பூவும் குளவியும் அப்படியே இருந்தன. அதை அணைக்க அவர் சோபா மெத்தைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓட்டத்தில் எங்கேயோ போட்டுவிட்டார் போலிருக்கிறது. கடைசியில் அறைப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“ஏம்மா, ரிமோட் எங்க இருக்கு?”

“ம்” என்றாள் தங்கை, உள்ளேயிருந்து.