எல்லாருமே சிஸ்டர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைக்காத ஒரு குவளைத் தண்ணீரில் தொடங்கியது. நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தேன். நாக்கு வறண்டது. அந்தப் பக்கம் போன பெண்ணிடம், “சிஸ்டர், கொஞ்சம் தண்ணி” என்றேன்.

அவர் நின்றார். “நான் சிஸ்டர் இல்லீங்க, ஆயாம்மா. உங்களுக்குத் தண்ணி குடுக்கலாமான்னு கேட்டுட்டு வாரேன்.”

சிஸ்டர் என்று கூப்பிட்டால் மறுக்கிற ஆளை நான் அதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. ஊருக்குத் திரும்பும் முன் இன்சார்ஜ் சிஸ்டர் மைதிலியிடம் காரணம் கேட்டேன். நான் அங்கே போவதற்கு முன் நடந்ததாக அவர் சொன்னதைத்தான் எழுதப் பார்க்கிறேன். (பெயர்களை மாற்றிவிட்டேன். ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்காதீர்கள்.)

2

அன்று மதியம் நாமக்கல் மலைக்கோட்டைக்கு மேல் கருமேகங்கள் திரண்டு…

அடித்துவிட்டேன். மேகமெல்லாம் இல்லை, நல்ல வெயில். கெட்டது வரப்போகிறது என்று வானத்துக்கும் தெரியாது, மைதிலிக்கும் தெரியாது.

மைதிலி அப்போது பெண்கள் வார்டை ஒட்டிய அறையில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரரிடம் போனில் மன்றாடிக்கொண்டிருந்தார். நர்சிங் படித்து, வாழ்க்கையில் பாதியை நோயாளிகளோடு கழித்தவர். சில மாதங்களாகப் போனும் கம்ப்யூட்டருமே கதி. இன்சூரன்ஸ் வேலை பார்த்த கிளார்க் நின்றுபோனார், வேறு ஆளை எடுக்கவில்லை. நர்சுகள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். அந்த இடங்களுக்கு டாக்டர் இளவழகன் ஆயாம்மாக்களை எடுத்தார். ஆஸ்பத்திரி அவருடையது. கேட்டால், “கைதானே வேணும் சிஸ்டர்? அதான் ஆள் இருக்குதில்ல?” என்பார். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று எல்லாருக்கும் ஒரே வெளிர்நீலச் சீருடை.

வார்டில் மிச்சமிருந்த ஒரே நர்ஸ் அபிநயா. அவளும் ஆபரேஷன் முடிந்த ஒருவரை அழைத்துவரத் தியேட்டருக்குப் போயிருந்தாள்.

ஆக, வார்டில் ஆட்கள் இருந்தார்கள். நர்ஸ்தான் இல்லை.

3

சௌந்திரத்துக்கு அன்று காலையில்தான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். எருமப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். கணவர் மயில்சாமி கட்டிலருகே நின்று, கண்ணில் பட்ட வெளிர்நீலச் சீருடையைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க சிஸ்டர், இவளுக்குத் தல கிறுகிறுங்குதாம். கீழ ஈரமா இருக்குதுங்கறா.”

வந்தவர் கந்தம்மாள். கோழிப்பண்ணையில் முட்டை எடுத்துக்கொண்டிருந்தவர், போன வருஷம்தான் ஆயாம்மாவாகச் சேர்ந்தார். (இந்த இடத்தில் அவரை அலட்சியக்காரியாக எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. கதைக்கு வசதி. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை, என்ன செய்ய?) சௌந்திரத்தை நோகாமல் ஒருக்களித்து, நனைந்த துணியை உருவி, உலர்ந்ததை விரித்தார். ரத்தத்தைப் பார்க்கத்தான் செய்தார். ஆபரேஷன் என்றால் கொஞ்சம் படும்போல என்று நினைத்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்லம்மா, கண்ண மூடிப் படுங்க. ஃபேன வேகமா வெக்கிறேன்” என்று நெற்றியைத் துடைத்துவிட்டார்.

மயில்சாமிக்கு மனசு ஆறியது. சிஸ்டரே சொல்லிவிட்டாரே.

4

துணி மூட்டையோடு கந்தம்மாள் அறையைக் கடந்தபோது மைதிலியின் கண் மூட்டையில் விழுந்தது. தற்செயல்தான். மேசையில் போன் “ஹலோ மேடம், ஹலோ” என்று கத்திக்கொண்டு கிடந்தது. மைதிலி வாசலுக்கு வந்துவிட்டார்.

“யாரோடதுக்கா இது?”

“சௌந்திரங்க. சன்னலோரப் பெட்டு…”

ஓடினார். சௌந்திரத்தின் கை சில்லென்று இருந்தது. நாடி தாறுமாறாக ஓடியது, பிரஷர் இறங்கிக் கிடந்தது. கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி, டிரிப்ஸை முழு வேகத்தில் திறந்துவிட்டு, “அக்கா, டாக்டரக் கூப்பிடுங்க! ரத்தம் போகுதுன்னு கத்துங்க!” என்றார்.

கந்தம்மாள் கத்திய கத்தலில் அபிநயா, டாக்டர், ஸ்ட்ரெச்சர் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. தியேட்டர் கதவு சாத்திக்கொண்டது. ரத்தம் ஏற்றினார்கள். உள்ளே ரத்தக்குழாயில் போட்ட கட்டு ஒன்று நழுவியிருந்தது. டாக்டர் அதைத் தேடிப் பிடித்துக் கட்டினார்.

(வெளியே மயில்சாமி காத்திருந்ததை ஒரு பக்கம் எழுதி நீக்கிவிட்டேன். சுவரைப் பார்த்து நின்றார், அவ்வளவுதான்.)

பொழுது சாயும் முன் டாக்டர் வெளியே வந்து, “இனிப் பயமில்லைங்க” என்றார். மயில்சாமி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

5

மறுநாள் டாக்டர் கந்தம்மாளை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னார்.

“அந்தம்மா உடனே உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும் சிஸ்டர்.”

“அப்படிச் சொல்லோணும்னு அவங்களுக்கு யாரு சார் சொன்னா? நீல டிரெஸ்ஸக் குடுத்து வார்டுல விட்டோம். நர்ஸுன்னு நெனச்சு அந்தாளு கூப்பிட்டாரு. நர்ஸு நான், இன்சூரன்ஸ்காரங்ககிட்டப் பேசிட்டிருந்தேன். நிறுத்தறதுன்னா என்னையும் சேத்து நிறுத்துங்க.”

“ஆள் பத்தலைங்கறீங்களா?”

“பத்துதுங்க சார். யாரு என்ன வேலை பாக்கறதுங்கறதுதான் மாறிக் கெடக்குது.”

டாக்டர் வேலையை விட்டு நிறுத்தும் பேச்சை அதோடு விட்டுவிட்டு எழுந்து போனார். (அவருடைய பெருந்தன்மை என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துப் பார்த்த மைதிலி, “அதெல்லாம் இல்லீங்க, அவரும் பயந்துட்டாரு” என்றார்.)

என் முதல் பிரதியில் கந்தம்மாள் வேலை போய், வெயிலில் தனியாகப் பேருந்து நிலையத்துக்கு நடப்பார். உருக்கமாக வந்திருந்தது. மைதிலிக்குக் கோபம் வந்துவிட்டது.

“கதை நல்லா வரோணும்னு ஒருத்தங்க பொழப்பக் கெடுப்பீங்களா?”

கிழித்துப் போட்டேன். உண்மையில், அடுத்த வாரமே இன்சூரன்ஸுக்கு ஒரு கிளார்க் வந்தார். அபிநயாவுக்குத் துணையாக இன்னொரு நர்ஸ். மைதிலி போனை விட்டுவிட்டு வார்டுக்குத் திரும்பினார். துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது, எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போவது ஆயாம்மாக்கள் பொறுப்பு. அவர்களுக்குப் பழுப்புச் சேலை. ரத்தமோ மயக்கமோ மூச்சிரைப்போ கண்டால் அந்த நிமிஷமே நர்ஸைக் கூப்பிட வேண்டும். சிஸ்டர் என்று யார் கூப்பிட்டாலும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

கந்தம்மாள் எடுத்ததற்கெல்லாம் கூப்பிட்டார். ஒருநாள் “ரத்தம்!” என்று அவர் போட்ட சத்தத்தில் அபிநயா விழுந்தடித்து ஓடிப் பார்த்தால், போர்வையில் மாதுளை ஜூஸ் கொட்டியிருந்தது. வார்டே சிரித்தது. கந்தம்மாளுக்கு அழுகை முட்டியது.

மைதிலி அவர் தோளைத் தட்டினார். “நாளைக்கும் கூப்பிடுங்கக்கா. ஓடி வந்து ஜூஸப் பாத்தா எனக்குச் சந்தோசந்தான்.”

6

முடிவு?

வார்டுக்கு இன்னும் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நர்ஸ் வேண்டும் என்கிறாள் அபிநயா. நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி இடுப்பு போச்சு, ஆயாம்மாதான் வேண்டும் என்கிறார் கந்தம்மாள். மைதிலிக்கு இரண்டும் நியாயமாகப் படுகிறது. “நீங்கதான் எழுதறவராச்சே, சொல்லுங்களே” என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

உங்களிடமே விடுகிறேன். யாரை வேண்டுமானாலும் எடுங்கள், பெயரும் நீங்களே வையுங்கள். சௌந்திரத்தை மட்டும் மறுபடி அந்தக் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். என் கதையில் அவர் காரின் முன்சீட்டில் சாய்ந்துகொண்டு, “குழில எறக்காதீங்க, மெதுவாப் போங்க” என்று மயில்சாமியைத் திட்டியபடி வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.