சகலை என்ன பண்ணினார்?

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். அவன் எழுந்து போர்வையை நாலாக மடிப்பான். அவள் பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவாள். அவன் குளிப்பான். அவள் வாஷ்பேசின் முன் நின்று பல் துலக்குவாள். ஆறே காலுக்கு ஆளுக்கொரு டம்ளர் டீயோடு சமையல் மேடையில் சாய்ந்து நிற்பார்கள். ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டுவார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் அவள் பேசுவாள். பால் பொங்கும்போதும் பேசுவாள், வாயில் நுரையோடும் பேசுவாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எட்டு மணி நேரம் மைக்கில் பேசியும் வாய் ஓயாத பிறவி. அவன் அச்சகத்தில் பிழை திருத்துபவன். மூலப்பிரதியை ஒரு புள்ளி விடாமல் அவன் உரக்கப் படிப்பான். எதிரே இருப்பவர் அச்சுத்தாளில் சரிபார்ப்பார். "காற்புள்ளி, அடைப்புக்குறி, பத்தி முடிந்தது" என்று நாள் முழுக்க ஊரார் வாக்கியங்களை ஒப்பித்துவிட்டு வருகிறவனுக்குச் சொந்தமாகச் சொல்ல "ம்" ஒன்றுதான் மிச்சம்.

அன்றைய பேச்சு அவளுடைய அக்கா வீட்டைப் பற்றியது.

"நேத்து சாயங்காலம் குழாய் புடுங்கிக்கிச்சாம். கூடமெல்லாம் தண்ணி, கணுக்கால் வரைக்கும்! அக்கா நாற்காலி மேல ஏறி நின்னுக்கிட்டு காட்டுக்கத்தல் கத்துறா. மாமா என்ன பண்ணாரு தெரியுமா..."

"ம்?"

பிரஷ் தரையில் கிடந்தது. அவள் வலது கன்னத்தைப் பிடித்தபடி சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். எண்ணி எட்டு விநாடி. பிறகு, "கரண்ட் அடிச்ச மாதிரி" என்றாள். அதைச் சொன்னதற்கே இன்னொன்று அடித்தது.

பேசினால் அடித்தது. மென்றால் அடித்தது. மின்விசிறிக் காற்று கன்னத்தில் பட்டாலும் அடித்தது. பேசாமல் எழுதிக் காட்ட, பையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவன் ஒரு சின்ன சிலேட்டு வாங்கி வந்தான்.

பல் மருத்துவர் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லுல ஒண்ணும் தெரியல. ஆனா பல்லா இருக்கலாம். கடைவாய்ப் பல்லை எடுத்துப் பாப்போமா?"

அவள் சிலேட்டில் எழுதினாள்: "எடுத்துப் பாத்துட்டு திருப்பி வைப்பாரா?"

நரம்பு மருத்துவரம்மா இன்னும் நேர்மை. "ஸ்கேன்ல சுத்தமா இருக்கு. அதனால ஒண்ணுமில்லன்னு அர்த்தமில்ல. நரம்பு வலின்னு சந்தேகப்படுறேன், அடிச்சு சொல்ல முடியாது. மூணு வாரம் மாத்திரை. வலி கேட்டா நரம்பு. கேக்கலன்னா பல் டாக்டரையே பாருங்க. அதுவரைக்கும் பேச்சைக் குறைங்க."

"எவ்வளவு?" என்றது சிலேட்டு.

வந்ததிலிருந்து "ம்" தவிர வேறொன்றும் சொல்லாதவனை மருத்துவர் ஒருமுறை பார்த்தார். "இவர் அளவுக்கு."

மூன்று வாரத்தில் குரல் திரும்பாவிட்டால் மைக் வேறு ஆளுக்குப் போகும் என்று நிலைய மேலாளர் சொல்லிவிட்டார். பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள்; அவளுக்கு இரண்டும் ஒரே மாத்திரைப் பட்டையில் தொங்கின. அவனுக்கோ வீடே வேறு வீடாகிவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டும் சத்தம் முதல்முறையாகக் காதில் விழுந்தது. கேட்டால், "நாலு வருஷமா சொட்டுது. தினம் சொன்னேன்" என்று எழுதிக் காட்டினாள்.

உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. முதலில் அக்காவின் போன். ஸ்பீக்கரில் போட்டான். இவள் மளமளவென்று எழுதி நீட்டினாள்.

"என்ன தம்பி, அவ எப்படி இருக்கா?"

"பரவாயில்லன்னு சொல்லுங்க," என்று படித்தான்.

"நான் யார்கிட்ட சொல்லணும்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அழித்துவிட்டு, இது அவனுக்கு மட்டும் என்று புரியட்டும் என அடைப்புக்குறி போட்டு எழுதினாள். அச்சகத்துக்காரனிடம் எழுத்தைக் காட்டினால் என்ன ஆகும்? வாய் தானாக ஓடியது.

"அடைப்புக்குறி. அக்கா இப்ப கிராம்பு வைக்கச் சொல்லுவா. சரியான ரம்பம். நீங்க ம் போட்டுக்கிட்டே இருங்க. அடைப்புக்குறி முடிந்தது."

அக்காவின் குரல் ஒரு படி ஏறியது.

"யாரு தம்பி ரம்பம்?"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் அடிக்கும். அடித்தது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, தரையில் உட்கார்ந்து குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் அவன் முழித்தான். பேச்சை மாற்றியே ஆக வேண்டும். பல நாளைக்குப் பிறகு ஒரு முழு வாக்கியத்தைத் தானே கட்டினான்.

"அக்கா, அன்னிக்கு குழாய் புடுங்கினப்ப சகலை என்ன பண்ணாரு?"

தரையிலிருந்து சிலேட்டு எழும்பியது. அதையும் படித்தான்: "அதை மட்டும் கேக்காதீங்க. நான்தான் சொல்லணும்."

"சரியாப் போச்சு," என்றாள் அக்கா. "ரம்பம் இனிமே வாயத் திறக்காது. அவளே சொல்லட்டும்."

அதிலிருந்து காலை டீ நேரம் அவனுடையதாயிற்று. "வாளி எடுத்துக்கிட்டு ஓடினாரா?" தலையாட்டல், இல்லை. "பிளம்பருக்குப் போன் போட்டாரா?" இல்லை. "மெயின் வால்வை மூடினாரா?" அது எங்கே இருக்கிறது என்றே மாமாவுக்குத் தெரியாது என்றது சிலேட்டு. ஊகம் தீர்ந்துபோனதும் அச்சகக் கதைகளைச் சொன்னான். புத்தக அட்டையில் தன் பெயரையே தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதை அவர்கள் திருத்தியதற்குச் சண்டைக்கு வந்தவர் கதையை அபிநயத்தோடு சொன்னான். நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவன் இவன்தானா என்பது போல அவள் பார்த்தாள்.

சிலேட்டின் மூலையில் தினமும் ஓர் எண் இருந்தது. ஒரு நாளில் எத்தனை முறை அடித்தது என்ற கணக்கு. பதினாலு, ஒன்பது, பதினொன்று, ஆறு. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லத் தெரியவில்லை. மாத்திரை மட்டும் தலையைச் சுற்ற வைத்தது. நடந்தால் கதவுநிலை வந்து இடித்தது.

விடுப்பை நீட்டிக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தவள் "காரணம்" என்ற இடத்தில் சிக்கிக்கொண்டாள். பேனாவைத் தூக்கி எறிந்தாள். சிலேட்டில் அழுத்தி எழுதியதில் சாக்பீஸ் உடைந்தது. "பேரே இல்லாத வலிக்கு லீவ் லெட்டர் எப்படி எழுதறது?"

அவன் உடைந்த சாக்பீஸைப் பொறுக்கினான்.

"எங்க வேலையில, சந்தேகமா இருந்தா அடிக்கவும் மாட்டோம், திருத்தவும் மாட்டோம். ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடுவோம்."

அவள் பேனாவைத் தேடி எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டு, கையெழுத்திட்டாள். மேலாளர் அதற்கும் அனுமதி கொடுத்துவிட்டார். கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்துப் போடுபவர் அவர்.

மூன்றாவது வாரம் முடிந்து திங்கட்கிழமை மருத்துவர் சிலேட்டுக் கணக்கைப் பார்த்தார். நேற்று இரண்டு, அதற்கு முதல்நாள் ஒன்று.

"குறைஞ்சிருக்கு. நரம்பா இருக்கலாம்."

"இருக்கலாமா?" என்றான் அவன்.

"இருக்கலாம். போகவும் செய்யும், திரும்பி வரவும் செய்யும். பல்லைத் தொட வேண்டாம். நாளையிலேருந்து அரை நாள் வேலைக்குப் போகட்டும்."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. போர்வை நாலாக மடிந்தது. பால் பொங்கியது. அவள் பூனை நடப்பது போல மெதுவாகப் பல் துலக்கினாள். ஆறே காலுக்கு டம்ளரோடு மேடையில் சாய்ந்தாள். அவன் ஏதோ ஆரம்பிக்க வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அக்கா நாற்காலி மேல நிக்கிறா." குரலில் துரு ஏறியிருந்தது.

"ம்," என்றான்.

"கத்துறா."

"ம்."

"மாமா என்ன பண்ணாரு தெரியுமா..."

கன்னம் சுண்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவன் சிலேட்டை நீட்டினான். பார்க்காமலே தள்ளிவிட்டாள். அவன் மனதுக்குள் எண்ணினான்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலோடு நின்றது. கண்ணைத் திறந்து, ஒரு வாய் டீ குடித்து, மைக் முன்னால் செய்வது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஒண்ணும் பண்ணல. சோபா மேல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு 'ம்'னாரு. உங்களுக்கேத்த சகலை!"