கையால் பறித்த திராட்சை

கம்பெனி விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்தபோது தோட்டத்தில் ஒரு பழம்கூட மிச்சமில்லை. அதற்குச் சில நாள் முன்புதான் எல்லா வரிசைகளையும் நான் உதிர்த்து முடித்திருந்தேன்.

அந்தத் தோட்டத்தில் அறுவடை வண்டி ஓட்டுவது நான். மாடி உயரத்துக்கு நிற்கும் வண்டி அது. கொடி வரிசையைத் தன் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு போகும். உள்ளே இரு பக்கமும் வளைந்த கழிகள் கொடியை உலுக்கும். பழங்கள் கீழே தட்டுகளில் கொட்டும், பெல்ட் அவற்றை மேலே தூக்கிப் போகும், விசிறி இலைகளை ஊதித் தள்ளும். வண்டி கடந்த பிறகு கொடியில் காம்புகள் மட்டும் மொட்டையாகத் தொங்கும். பழம் கொத்தாக வராது. உதிரியாக, பாதி நசுங்கி, சாறு ஒழுகத்தான் வரும். நேராக ஜூஸ் ஆலைக்குப் போகிற பழத்துக்கு அது ஒரு குறையே இல்லை. இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வண்டி வருவதற்கு முன் என் அக்காவும் ஒரு கூட்டம் பெண்களும்தான் கத்தரிக்கோலால் கொத்துக் கொத்தாக வெட்டி, பிளாஸ்டிக் பெட்டிகளில் நிரப்பினார்கள். வண்டி வந்து இறங்கிய காலையில், வேலைக்கு வந்தவர்களைக் கேட்டிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்றார் மேனேஜர். உள்ளே வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுக்கக்கூட விடவில்லை. வண்டிக்கு டிரைவர் தேடியபோது நான் தயங்கினேன். அக்காதான் பிடித்துத் தள்ளினாள்.

"நீ ஓட்டலன்னா வேற யாராவது ஓட்டத்தான் போறாங்க. போடி, உனக்கென்ன."

அவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடப் போய்விட்டாள்.

அதே மேனேஜர் இப்போது வாயெல்லாம் பல்லாக எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய ஆட்களை வைத்து ஒரு படம் எடுக்கிறோம், வந்து நின்றால் போதும் என்றார். தன்னை மறக்கவில்லையே என்று அக்காவுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். கூட வேலை பார்த்தவர்களையும் பார்க்கலாமே என்று, இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

போய்ப் பார்த்தால் என் வண்டியைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சந்தையில் வாங்கிவந்த திராட்சைக் கொத்துகளை இரண்டு பேர் நூல் போட்டு மொட்டைக் கொடியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கையில் ஒரு பிரம்புக் கூடையைக் கொடுத்தார்கள். அப்படி ஒரு கூடையை அந்தத் தோட்டம் அதற்கு முன் கண்டதே இல்லை. படம் எடுக்கிற தொப்பிக்காரர் மரியாதையானவர்தான். ஒரு கொத்தைக் கன்னத்தருகே பிடித்துச் சிரிக்கச் சொல்லி, ஒரு வரியையும் சொல்லிக்கொடுத்தார்: ஒவ்வொரு பழத்தையும் எங்க கையாலயே பறிக்கிறோம்.

அக்கா அந்த வரியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு கேமராவைப் பார்த்துப் பேசினாள்.

"பழத்த மெஷின்தான் பறிக்குது. அத ஓட்டுறது என் தங்கச்சி. எங்கள கேட்டோட திருப்பி அனுப்பிட்டாங்க."

தொப்பிக்காரர் சிரித்துவிட்டு, மறுபடி எடுக்கலாம் என்றார். மறுபடியும் அதையேதான் சொன்னாள். மேனேஜர் முகம் கடுகடுக்க வந்து, தங்கச்சி இங்கேதான் வேலை செய்கிறாள் என்பதை மறந்துவிட வேண்டாம் என்று அவள் காதருகே சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சொல்லுக்கா," என்றேன். "வண்டிய அவரே ஓட்டிக்கட்டும்."

படத்துக்கு வந்திருந்த பழைய பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்களை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு, மற்றவர்களை வைத்து ஏதோ எடுத்து முடித்தார்கள். தொல்லை விட்டது என்று வீட்டுக்கு வந்தோம்.

பிறகு ஒரு நாள் சலவைக் கடை டிவியில் அந்த விளம்பரம் வந்தது. அக்காவின் முகம், அக்காவின் வாயசைவு. குரல் மட்டும் வேறு யாருடையதோ. தேன் ஒழுக ஒருத்தி, ஒவ்வொரு பழத்தையும் எங்க கையாலயே பறிக்கிறோம் என்றாள். அக்கா இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைத் தேடி வந்தாள்.

"என் வாய்ல யாரோ பேசறாங்கடி," என்றாள்.

அவள் வேலையை எடுத்தார்கள், சரி, ஊரெல்லாம் நடக்கிறதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டோம். வாயையுமா எடுத்துக்கொள்வார்கள்?

கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். வெகுநேரம் உட்கார வைத்த பிறகு ஓர் அதிகாரி அம்மா வந்தார். படம் எடுக்கச் சம்மதித்துத்தானே வந்து நின்றீர்கள் என்று நிதானமாக ஆரம்பித்தார். அவள் சொன்னது வேறு என்றேன்.

"அதனாலதாங்க உங்க அக்கா குரல நாங்க எடுத்துக்கவே இல்ல," என்றார், ஏதோ உபகாரம் செய்தவர்போல.

அடுத்த விடுமுறை நாளில் அக்கா பெரிய கடைக்குப் போனாள். ஜூஸ் அடுக்கியிருந்த இடத்தில், லேபிளில் தன் படமும் 'கையால் பறித்தது' என்ற எழுத்தும் போட்டிருந்த பாட்டில் ஒன்றை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். வருகிறவர்களிடமெல்லாம், இது நான்தான், இதில் எழுதியிருப்பது பொய் என்று சொன்னாள். சிலர் விலகிப் போனார்கள். சிலர் எடுத்த பாட்டிலைத் திரும்ப வைத்தார்கள். ஒருவர் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, கையோடு ஜூஸும் வாங்கிக்கொண்டு போனார். கடை மேற்பார்வையாளர் விரட்டத்தான் வந்தார். பாட்டிலையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வழியை மட்டும் மறிக்க வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். யாரோ எடுத்த வீடியோ எங்கெங்கோ சுற்றியது.

கம்பெனி முதலில் என்னை வேலையை விட்டு நிறுத்தியது. பிறகு விளம்பரத்தை நிறுத்தியது. கொஞ்ச நாளில் புது லேபிள் வந்தது. அக்காவின் முகம் இருந்த இடத்தில் யாரோ வரைந்த ஒரு கை. 'கையால் பறித்தது' என்ற எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

"மூஞ்சியத்தானே எடுத்திருக்காங்க," என்றாள் அக்கா.

மறுபடி கடைக்குக் கிளம்பினாள். இந்த முறை பழைய கூட்டத்தில் பாதிப் பேர் கூட வந்தார்கள். நான் வேறொரு தோட்டத்தில் அதே மாதிரி வண்டி ஓட்டத் தொடங்கியிருந்தேன்; விடுப்புச் சொல்லிவிட்டு நானும் போனேன். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மா லேபிளைப் படித்துப் பார்த்துவிட்டு, அப்படியானால் இதை யார்தான் பறித்தது என்று கேட்டார்.

"நான்தாங்க," என்றேன். "வண்டி வச்சுப் பறிச்சேன். அத எழுதச் சொல்லுங்க."